மூடிய சீட்டு

பெருந்துறை மஞ்சள் ஏலத்தில்
விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.
ஒரு விரலியை ஒடிப்பார்கள், முகர்வார்கள்,
சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடுவார்கள்.
போட்டபின் திருத்தக் கூடாது.

எங்களுக்கும் அதே சட்டம்தான்.
மூன்று வருஷம், ஆறு பேர்,
விடை தெரியாமலே கணக்குப் போட்டோம்.
தொடங்கும்போதே நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தோம்:
வருகிற எண் எதுவானாலும்
சராசரியைக் கழித்துவிட்டுக் காட்டு.
அதனால் வரைபடத்தின் நடுவில் எப்போதும் சுழி.
பிடித்த விடை பக்கத்தில் வந்ததும்
கை தானாக நின்றுவிடும் அல்லவா,
அந்தக் கையை நாங்கள் நம்பவில்லை.

பார்ப்பது நான்கு புள்ளிகள்.
நான்கும் ஒன்றேதான்.
எங்கோ பின்னால் ஒரே ஒரு குவாசார்;
குறுக்கே ஒரு கேலக்ஸி உட்கார்ந்திருப்பதால்
ஒளி வளைந்து நான்கு வழியில் வருகிறது.
சென்னிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு டெம்போ,
அந்தப் பக்கம் ஒரு டெம்போ.
புறப்பட்டது ஒரே நேரம், ஏற்றியது ஒரே சரக்கு.
ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.
பிந்தியது எத்தனை நாள் என்று எண்ணினால்
தூரம் தெரியும்; தூரம் தெரிந்தால்
வெளி விரிகிற வேகம் தெரியும்.
தாமதம் குறைவென்றால் வேகம் அதிகம்.
எல்லாம்
மலையின் எடை தெரிந்திருந்தால்.

அந்தத் ‘தெரிந்திருந்தால்’ என்ற ஒரு சொல்லில்
இரண்டு வருஷம் போயிற்று எனக்கு,
லேத் பட்டறைக்கு மேலே, தகரக் கூரை அறையில்.
“ஈரம் பாக்காம எடை போட்டா
எவனும் ஏமாத்திப்போடுவானுங்க்கா” என்பான்
தம்பி சென்னியப்பன், சாக்கைத் தட்டிக்கொண்டே.
கேலக்ஸியிலும் ஈரம் உண்டு.
கண்ணுக்குச் சிக்காத அந்தப் பாரத்தைக்
கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும்
நான்கு புள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.
விடை மட்டும் நழுவும்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
காலையில் அவன் முப்பத்தெட்டு மூட்டையோடு போனான்.
இரவு ஒன்பதரைக்கு நான் திரையைத் திறந்தேன்.
ஆறு சன்னல்கள். ஒன்றில் விடிந்துகொண்டிருந்தது,
ஒன்றில் யாரோ மதியச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.
எது வந்தாலும் அதையே அச்சுக்கு அனுப்புகிறோமா?
ஆளுக்கொரு பாஷையில் சரி என்றார்கள்.
நான் “சரிங்க” என்றேன்.
காமிலா கழித்தல் வரியை அழித்தாள்.

எழுபது புள்ளி ஆறு.
மேலே மூன்று தவறலாம், கீழே மூன்று தவறலாம்.
ஏறத்தாழ முப்பத்திரண்டரை லட்சம் ஒளியாண்டு தள்ளிப் போகப் போக
விநாடிக்கு அத்தனை கிலோமீட்டர் கூடுதலாய் விலகுகிறது எல்லாம்.

ஆதி ஒளியிலிருந்து கணக்கிடுகிறவர்கள் அறுபத்தேழு என்கிறார்கள்.
பக்கத்து விண்மீன்களிலிருந்து எண்ணி வருகிறவர்கள்
எழுபத்து மூன்றில் நிற்கிறார்கள்.
எங்கள் எண் நடுவில் போய் விழுந்து
இரண்டு வீட்டு விருந்துக்கும் அழைப்பில்லாமல் கிடந்தது.
யாரும் கைதட்டவில்லை.
யார் வீட்டிலோ நாய் குரைத்தது.

பத்தே காலுக்குத் தம்பி பேசினான்.
“வெல கட்டலைங்க்கா.
வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு
மூட்டைய வண்டியில ஏத்திட்டு வந்துட்டேன்.”
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வேண்டாம் என்று எழுத
எங்கள் சீட்டில் இடமே விடவில்லை நாங்கள்.

போன வாரம் முதல் புள்ளி
திடீரென்று கொஞ்சம் பெருத்து மின்னியது.
நான்காவதுக்கு அந்தச் சேதி இன்னும் வரவில்லை.
தொண்ணூற்று மூன்று நாள் ஆகும்.
ஆனி கடைசி.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில்
கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருக்கும்.
இந்த அறையில் நான் இருப்பேனோ,
முப்பத்தெட்டும் விற்றிருக்குமோ, தெரியாது.
மின்னல் வரும்.
அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.